பதின்ம வயதினருக்குச் சமகால நடனத்தின் வழியே கலை இதழியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

13 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு விமர்சனம், நேர்காணல், கலைச் செய்தி எழுதச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கான பக்கம் இது. பள்ளி ஆசிரியர், நடனக் குழுவில் மாணவர் நிகழ்ச்சிகளைக் கவனிப்பவர், இளைஞர் இதழ் நடத்துபவர், யாராக இருந்தாலும் சரி. பயிலரங்குகளில் ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

கலை இதழியல் சொல்லிக்கொடுக்க எத்தனையோ வழி இருக்கும்போது, ஏன் சமகால நடனம்?

சினிமாவைப் பற்றி எழுதச் சொன்னால் மாணவர் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். நாவல் என்றால் பின்னட்டை கைகொடுக்கும். பாட்டு என்றால் நாலு வரியை எடுத்துப் போட்டுவிடலாம். சமகால நடனத்தில் பெரும்பாலும் இந்தப் பிடிமானம் எதுவும் கிடைக்காது. கதை இருக்காது, வசனம் இருக்காது, சில சமயம் இசைகூட இருக்காது. ஒருவர் நிற்கிறார், விழுகிறார், எழுகிறார். அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

கண்ணால் கண்டதை, அந்த இடத்தில் இல்லாத ஒருவருக்குத் தெரியும்படி சொல்வதுதான் செய்தியாளரின் முதல் வேலை. விபத்தானாலும் நீதிமன்றமானாலும் தேர்தல் கூட்டமானாலும் அதே வேலைதான். கருத்து சொல்வதற்கு முன்னால் பார்த்ததைச் சொல்லப் பழக வேண்டும் என்று மாணவர்களிடம் ஆயிரம் முறை சொல்லலாம். ஒரு நடன நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனால் அவர்களே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நடனம் முடிந்த நொடியில் போய்விடுகிறது. 1913 மே 29 அன்று பாரிஸில் ‘தி ரைட் ஆஃப் ஸ்பிரிங்’ என்ற பாலே முதன்முதலாக மேடையேறியபோது அரங்கில் பெரும் கூச்சல் எழுந்ததை இசை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். ரஷ்ய நடனக் கலைஞர் நிஜின்ஸ்கி அமைத்த அந்த நடனம் சில காட்சிகளோடு நின்றுபோய், பிறகு தொலைந்தும் போனது. 1987-ல் நடன ஆய்வாளர் மில்லிசென்ட் ஹாட்சன் அதை ஜாஃப்ரி பாலே குழுவுக்காக மீட்டெடுத்தார். ஒத்திகைக் குறிப்புகளும் அரங்கில் உட்கார்ந்து ஒருவர் கிறுக்கிய கோட்டோவியங்களும் அவருக்கு உதவின. அன்றைய பத்திரிகைகளில் வந்த விமர்சனங்களும் உதவின. ‘ஒப்பற்ற படைப்பு’, ‘சகிக்க முடியாத குப்பை’ என்ற வரிகளை வைத்து ஓர் அசைவைக்கூட மீட்க முடியாது. கால்விரல் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று எழுதிய வரியை வைத்து மீட்க முடியும். இதை வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். தாங்கள் எழுதுவதற்கு இப்படியொரு பயன் இருக்கக்கூடும் என்று அவர்களிடம் அதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நடனம் பற்றி ஒன்றுமே தெரியாத மாணவர் எழுதலாமா?

தாராளமாக. முதல் கட்டுரைக்கு அது வசதியும்கூட. கலைச்சொல் தெரியாதவர் ஒவ்வோர் அசைவையும் விளக்கித்தான் ஆக வேண்டும்.

பரதமோ பாலேவோ பல வருடம் கற்ற மாணவருக்குத்தான் தொடக்கத்தில் கொஞ்சம் சிரமம். முழங்கால் மடங்கியிருந்தால் அது அரைமண்டியாகத்தான் (பரதத்தில் முழங்காலைப் பக்கவாட்டில் மடித்து நிற்கும் அடிப்படை நிலை) இருக்க வேண்டும், இல்லையென்றால் தவறு என்று அவர் கண் தானாகவே அளக்கத் தொடங்கிவிடும். அவரிடம் நடனக் கலைஞர் சந்திரலேகாவைப் பற்றிப் பேசுங்கள். 1985-ல் வந்த ‘அங்கிகா’ என்ற படைப்பில் சந்திரலேகா பரதத்தையும் களரிப்பயட்டையும் யோகத்தையும் ஒரே உடலில் சேர்த்து வைத்தார். பரதத்தின் அளவுகோலை மட்டும் கொண்டு அதைப் பார்த்தால் பாதி கண்ணில் படாது. பரதமே தெரியாமல் பார்த்தால் வேறொரு பாதி படாது. பயிற்சி பெற்ற மாணவர் தன் அறிவை மூட்டைகட்டி வைக்க வேண்டியதில்லை. அதை எழுத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதும்: ‘நான் எட்டு வருடம் பரதம் கற்றவள். அதனால் அந்தத் தளர்ந்த மணிக்கட்டு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.’ வாசகருக்கு எழுதுபவர் எங்கே நின்று பார்க்கிறார் என்று தெரிந்துவிடும்.

எனக்கே நடனம் தெரியாது. நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

நீங்கள் சொல்லிக்கொடுக்கப்போவது எழுத்து. நல்ல கேள்வி கேட்கவும் ஒரு வாக்கியத்தைத் திருத்தவும் தெரிந்தால் போதும். முடிந்தால் ஒரே ஒரு அமர்வுக்காவது ஒரு நடனக் கலைஞரைக் கூட்டி வாருங்கள்.

முதல் வகுப்பில் என்ன செய்வது?

நாற்காலிப் பயிற்சி. அறையின் நடுவே ஒரு நாற்காலி. ஒரு மாணவர் உள்ளே நடந்து வந்து, அதைத் தூக்கி வேறிடத்தில் வைத்து, அதில் உட்கார வேண்டும். அவ்வளவுதான், அரை நிமிடம் ஆகும். மற்றவர்கள் பேனாவைத் தொடாமல் பார்க்க வேண்டும். முடிந்ததும் ஐந்து வாக்கியம் எழுத வேண்டும்.

இரண்டு விதிகள். ‘போல’ வரக்கூடாது. ‘அழகாக’, ‘மெதுவாக’, ‘சோகமாக’ என்று ‘ஆக’ ஒட்டிய எந்தச் சொல்லும் வரக்கூடாது. முதலில் எல்லோரும் புலம்புவார்கள். ‘அவன் மெதுவாக நடந்தான்’ என்று எழுத முடியாதே! அப்புறம் ஒருத்தி எழுதுவாள்: ‘ஒவ்வொரு காலடிக்கும் இடையில் நின்றான்.’ இன்னொருவர்: ‘குதிகால் முதலில் பட்டது, பிறகு விரல்கள்.’ இந்த இடத்தில் வகுப்பு பிடிபட்டுவிடும்.

அடுத்து அதே மாணவர் அதே செயலைத் திரும்பச் செய்ய வேண்டும், ஆனால் நாற்காலி தாங்க முடியாத எடை என்று நினைத்துக்கொண்டு. இதை மற்றவர்களிடம் சொல்லக்கூடாது. முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் உடலில் என்ன மாறியது என்று அவர்கள் எழுத வேண்டும். தோள் எப்போது உயர்ந்தது, மூச்சு எங்கே நின்றது, கண் எதைப் பார்த்தது என்று.

பிறகு கரும்பலகையில் வினைச்சொற்கள். இதற்கு அரை மணி நேரம் கொடுத்தாலும் தகும். சாய்ந்தார், சரிந்தார், துவண்டார், திமிறினார், உதறினார், சுருண்டார், பதுங்கினார், தத்தினார், தள்ளாடினார், குலுங்கினார், நெளிந்தார். ஒவ்வொன்றையும் யாராவது எழுந்து செய்துகாட்ட வேண்டும். சாய்ந்தவரிடம் தன் எடை இன்னும் கட்டுக்குள் இருக்கிறது, சரிந்தவர் அதை விட்டுவிட்டார் என்பதை உடலால் செய்து பார்த்தவர் பிறகு இரண்டையும் மாற்றி எழுதமாட்டார். எனக்குத் தெரிந்து நடன எழுத்துக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் இல்லை.

கொஞ்சம் ஒழுங்கு வேண்டும் என்று தோன்றினால் ருடால்ஃப் லாபானின் நான்கு அளவைகளைச் சொல்லிக்கொடுக்கலாம். 1879 முதல் 1958 வரை வாழ்ந்த இவர் அசைவை ஆராய்ந்தே வாழ்நாளைக் கழித்தவர். எடை: அசைவு பலமானதா, லேசானதா? நேரம்: சட்டென்று நடந்ததா, நீடித்ததா? வெளி: குறியை நோக்கி நேரே போனதா, சுற்றி அலைந்ததா? ஓட்டம்: இறுக்கிப் பிடித்திருந்ததா, தங்குதடையில்லாமல் வந்ததா? நான்கையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எழுத ஒன்றும் வராமல் மாணவர் விழிக்கும்போது இதில் ஏதாவது ஒன்றைக் கேளுங்கள், பேச ஆரம்பித்துவிடுவார்.

‘அருமையாக ஆடினார்கள்’ என்பதைத் தாண்டி எழுதவைப்பது எப்படி?

அடித்துவிட்டு ‘விவரமாக எழுது’ என்று ஓரத்தில் குறித்தால் ஒன்றும் நடக்காது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரு மாதிரி காட்டுகிறேன். மாணவரின் முதல் வரைவு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

‘கலைஞர்கள் மிகவும் உணர்ச்சிபூர்வமாக ஆடி, வாழ்க்கையின் போராட்டத்தை அற்புதமாக வெளிப்படுத்தினார்கள்.’

எத்தனை பேர்? மூன்று பேர். போராட்டம் என்று எதைப் பார்த்து நினைத்தாய்? ஒரு பெண் எழுந்திருக்க முயன்றுகொண்டே இருந்தாள். எப்படி எழுந்தாள்? முழங்கையை ஊன்றி, ஆனால் கால் வழுக்கிக்கொண்டே இருந்தது. மற்ற இரண்டு பேர்? சும்மா நின்றார்கள். சும்மா என்றால்? ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். இசை? அப்போது இசை நின்றுவிட்டது, கால் தேய்கிற சத்தம் மட்டும்தான்.

இப்போது எழுதச் சொன்னால் வருவது:

‘மூன்று பேரில் ஒருத்தி தரையில் கிடக்கிறாள். முழங்கையை ஊன்றி எழப் பார்க்கிறாள், குதிகால் வழுக்குகிறது. மறுபடி ஊன்றுகிறாள், மறுபடி வழுக்குகிறது. நான்காவது தடவை அவள் விழும்போது, பக்கத்தில் நிற்பவர் தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்கிறார். இசை எப்போதோ நின்றுவிட்டது. குதிகால் தரையில் தேயும் சத்தம் மட்டும் கேட்கிறது.’

‘போராட்டம்’ என்ற சொல்லே இதில் இல்லை, தேவையும் இல்லை. அந்தச் சட்டைக் கையைக் கவனித்தது மாணவரின் சொந்தக் கண். ‘சும்மா’ என்று அவரே முதலில் தள்ளிவிட்ட விவரம் அது. பதின்ம வயதினர் இப்படி நிறையப் பார்த்திருப்பார்கள். அது எழுதத் தகுந்தது என்று தெரியாமல் விட்டுவிடுவார்கள். அதைக் கேட்டு வெளியே எடுப்பதுதான் உங்கள் வேலை.

‘எனக்கு ஒன்றும் புரியவில்லை’, ‘மேடையில் ஒன்றுமே நடக்கவில்லை’ என்று சொன்னால்?

முதலில் அதை நம்புங்கள். ‘உனக்குப் புரியும் வயது வரவில்லை’ என்ற தொனி துளியும் வேண்டாம்.

பிறகு 1957-ல் நியூயார்க்கில் நடந்ததைச் சொல்லுங்கள். பால் டெய்லர் என்ற இளம் கலைஞர் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். ஒரு பகுதியில் அவர் கோட் சூட் அணிந்து, தொலைபேசியில் நேரம் சொல்லும் குரல் ஒலிக்க ஒலிக்கச் சின்னச் சின்ன அசைவுகள் மட்டும் செய்தார். இன்னொன்றில் அவரும் ஒரு பெண்ணும் அசையவே இல்லை. ‘டான்ஸ் அப்சர்வர்’ இதழில் விமர்சகர் லூயிஸ் ஹோர்ஸ்ட் எழுதிய விமர்சனம் வெறும் வெள்ளை இடம், கீழே அவருடைய பெயரின் முதலெழுத்துகள். நடன விமர்சன வரலாற்றில் மிகப் பிரபலமான ஒன்றாக அது ஆகிவிட்டது.

மாணவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். பிடிக்கட்டும். ஆனால் அடுத்த கேள்வியையும் கேளுங்கள்: அந்த வெள்ளை இடத்தைப் படித்த ஒருவருக்கு அன்று மேடையில் என்ன இருந்தது என்று தெரிந்திருக்குமா? தொலைபேசிக் குரலைப் பற்றி மேலே நான் எழுதிய ஒரே வாக்கியம் அதைவிட அதிகம் சொல்கிறது. இதற்கு எதிர்ப்பக்கம் விமர்சகர் ஜில் ஜான்ஸ்டன். நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டனின் 1967-ம் ஆண்டுப் படைப்பு ஒன்றில் பெரிய கூட்டமாக ஆட்கள் மேடையைக் குறுக்கே நடந்து கடப்பார்கள், நிற்பார்கள், உட்காருவார்கள், அவ்வளவே. ஜான்ஸ்டன் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் அந்த நடப்பவர்களை ஒவ்வொரு விதமாகப் பட்டியலிட்டு எழுதினார்: குண்டானவர், ஒல்லியானவர், கூன் விழுந்தவர், நிமிர்ந்தவர் என்று. ‘ஒன்றுமே நடக்காத’ மேடையில் அவர் கண்ணுக்கு அத்தனை மனிதர்கள் தெரிந்தார்கள்.

புரியவில்லை என்பதை மாணவர் கட்டுரையிலேயே எழுதலாம். எந்த நிமிடத்தில் தொடர்பு அறுந்தது என்று மட்டும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

அரங்கம் இருட்டாக இருக்குமே, குறிப்பு எப்படி எடுப்பது?

சின்ன நோட்டு, சத்தம் போடாத பேனா. ஒரு பக்கத்துக்கு நான்கு ஐந்து சொல் மட்டும், பெரிய எழுத்தில். எழுதும்போது கண் மேடையில் இருக்க வேண்டும், தாளில் அல்ல. கைபேசி வெளிச்சம் பின்வரிசைக்காரரின் நிகழ்ச்சியைக் கெடுக்கும், கூடவே கூடாது. வெளியே வந்ததும், யாரிடமும் பேசுவதற்கு முன், பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். நண்பர்கள் பேசிக்கொண்டே நடந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லோருடைய நினைவும் ஒன்றாகிவிடும்.

நேரில் பார்க்க வாய்ப்பில்லை. காணொளி போதுமா?

பயிற்சிக்குப் போதும், விமர்சனத்துக்கு முழுமையாகப் போதாது. காணொளியில் எங்கே பார்ப்பது என்பதை ஏற்கெனவே வேறொருவர் முடிவு செய்துவிட்டார். ஜெர்மன் நடன அமைப்பாளர் பினா பாஷின் 1978-ம் ஆண்டுப் படைப்பான ‘கஃபே முல்லர்’-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேடை நிறைய நாற்காலிகள். கண்ணை மூடிக்கொண்டு அவற்றுக்கிடையே நடக்கும் பெண்கள். அவர்கள் இடித்துக்கொள்ளாமல் இருக்க நாற்காலிகளை அவசர அவசரமாக விலக்கும் ஓர் ஆண். அரங்கில் இருப்பவர் இவர்களில் யாரை வேண்டுமானாலும் பார்க்கலாம். நாற்காலியை விலக்குபவரையே தொடர்ந்து பார்த்தவரின் கட்டுரை முற்றிலும் வேறாக இருக்கும். படம் பிடித்தவர் பெண்ணின் முகத்தை அருகில் காட்டினால் அந்தத் தேர்வு உங்களிடம் இல்லை.

காணொளியைப் பார்த்து எழுதினால் அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிட வேண்டும். காணொளிக்கு ஒரு நன்மையும் உண்டு. ஒரே நிமிடத்தை மூன்று தடவை ஓடவிட்டு, ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு ஆளை மட்டும் பார்க்கச் சொல்லலாம்.

இசை, ஒளி, உடை எல்லாம் பற்றி எழுத வேண்டுமா?

கவனத்தை ஈர்த்ததை எழுதினால் போதும். கடமைக்கு ஆளுக்கொரு வாக்கியம் வேண்டாம்.

இசையில் மட்டும் ஓர் எச்சரிக்கை. ‘இசைக்கேற்ப ஆடினார்கள்’ என்று மாணவர்கள் கை பழகி எழுதிவிடுவார்கள். நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் சேர்ந்து உருவாக்கிய பல படைப்புகளில் இசையும் நடனமும் தனித்தனியே உருவாகி, மேடையில்தான் சந்தித்துக்கொண்டன. அவற்றைப் பற்றி அந்த வாக்கியத்தை எழுதினால் அது தகவல் பிழை. இசைக்கும் அசைவுக்கும் என்ன உறவு என்று மாணவர் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: சேர்ந்து போகிறதா, மோதுகிறதா, ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போகிறதா?

நடனக் கலைஞரிடம் என்ன கேட்பது? மாணவர்கள் ‘உங்களுக்கு உந்துதல் எது’ என்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

அந்தக் கேள்விக்குக் கலைஞரிடம் தயாரான பதில் இருக்கும், பத்து பேரிடம் சொன்ன பதில். வேலையைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். ஒத்திகையில் தூக்கி எறிந்த ஓர் அசைவு எது, ஏன்? அந்த விழும் காட்சியில் முழங்காலில் அடிபடாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? மேடையில் நீங்கள் எண்ணிக்கொண்டே ஆடுகிறீர்களா, மற்றவரின் மூச்சைக் கேட்டு ஆடுகிறீர்களா? இரண்டாம் நாள் காட்சியில் எதை மாற்றினீர்கள்?

பினா பாஷே தன் கலைஞர்களிடம் ஒத்திகையில் கேள்விகளாகக் கேட்டு, அவர்கள் சொல்லாலும் உடலாலும் தந்த பதில்களிலிருந்துதான் பல படைப்புகளைக் கட்டினார். இதைச் சொன்னால் கேள்வி கேட்பது எவ்வளவு பெரிய படைப்பு வேலை என்று மாணவருக்குப் புரியும்.

அப்புறம் ஒன்று: பதில் வந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம். மூன்று நொடி பேசாமல் இருந்தால் கலைஞர் தானே தொடர்வார், நல்ல பகுதி பெரும்பாலும் அதில்தான் வரும். பதின்ம வயதினருக்கு இந்த மௌனம் மிகவும் கஷ்டம். வகுப்பில் இருவர் இருவராக உட்காரவைத்துப் பழக்குங்கள்.

ஒலிப்பதிவுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். பெயர், பொறுப்பு, எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் அங்கேயே சரிபார்த்துவிட வேண்டும். ஒளியமைத்தவரின் பெயரைத் தப்பாகப் போட்ட கட்டுரையில் மற்ற விவரங்களை அவர் எப்படி நம்புவார்?

கலைஞரின் உடலைப் பற்றி எழுதலாமா? இது எனக்குப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. நடனம் உடலில் நடப்பது, ஆகவே உடலைத் தவிர்த்து எழுத முடியாது. ஆனால் உடல் செய்வதை எழுதுவதும் உடல் இருக்கும் விதத்துக்குத் தீர்ப்பு சொல்வதும் வேறு வேறு. ‘அவருடைய முதுகு வளைந்து தலை தரையைத் தொட்டது’ என்பது செயல். ‘அவர் இந்த வேடத்துக்குக் கொஞ்சம் பருமன்’ என்பதை என் வகுப்பில் அனுமதிக்க மாட்டேன். எழுதுபவர்கள் தங்கள் உடலைப் பற்றியே தினமும் ஏதாவது கேட்டு நொந்திருக்கும் வயதினர். இந்த விதியின் நியாயம் பெரியவர்களைவிட அவர்களுக்குச் சீக்கிரம் புரியும்.

மாற்றுத்திறன் கொண்ட கலைஞர்களைப் பற்றி எழுதும்போது கவனம் இன்னும் கூட வேண்டும். 1991-ல் பிரிட்டனில் தொடங்கிய கேண்டோகோ குழுவில் மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்தே ஆடுகிறார்கள். அப்படியொரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு ‘குறையை வென்று சாதித்தார்’ என்று எழுதினால் நடனத்தைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை என்று அர்த்தம். சக்கர நாற்காலி எந்த வேகத்தில் திரும்பியது, திரும்பும்போது இன்னொருவரின் எடை எங்கே தொங்கியது? அதை எழுதச் சொல்லுங்கள்.

பிடிக்கவில்லை என்று எழுதலாமா? எழுதுபவர்கள் சின்னப் பிள்ளைகள், ஆடுபவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள்.

எழுதலாம், எழுதவும் வேண்டும். எல்லாவற்றையும் பாராட்டும் மாணவரின் பாராட்டுக்கு மதிப்பில்லை. என் நிபந்தனை ஒன்றுதான்: குறை சொல்லும் வரிக்கு முன்னால், அந்தக் குறை தெரியும்படி காட்சியை விவரித்திருக்க வேண்டும். ‘சலிப்பாக இருந்தது’ என்பதற்கு முன் ‘அதே சுழற்சி ஐந்தாம் தடவை வந்தபோது வேகமும் மாறவில்லை, திசையும் மாறவில்லை’ என்று இருந்தால், வாசகர் சலிப்பைத் தானே எடைபோடலாம். சில வாசகருக்கு அந்த விவரணையே ‘போய்ப் பார்க்கலாம்’ என்று தோன்றவைக்கும். விமர்சனம் நேர்மையாக இருந்தால் அப்படித்தான் நடக்கும்.

16 வயதுக்கு மேற்பட்டவர்களோடு 1994-ம் ஆண்டு சர்ச்சையை விவாதிக்கலாம். நடனக் கலைஞர் பில் டி. ஜோன்ஸ், உயிருக்கு ஆபத்தான நோய் உள்ளவர்களோடு பயிலரங்குகள் நடத்தி, அதிலிருந்து ‘ஸ்டில்/ஹியர்’ என்ற படைப்பை உருவாக்கினார். ‘நியூயார்க்கர்’ இதழின் விமர்சகர் ஆர்லீன் குரோச்சே, தான் அதைப் பார்க்கவில்லை, பார்க்கப்போவதும் இல்லை என்று சொல்லியே அதைக் கண்டித்து நீண்ட கட்டுரை எழுதினார். நோயாளிகளின் துயரம் மேடையில் நிற்கும்போது விமர்சகருக்கு இடமே இல்லாமல் போகிறது என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் யோசிக்க வேண்டியது இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் பார்க்காமல் எழுதியதை என்னால் ஏற்க முடியாது. மாணவர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போடுவார்கள், ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

மாணவர்களும் ஆடிப் பார்க்க வேண்டுமா?

ஒரு தடவையாவது. ஒற்றைக் காலில் ஒரு நிமிடம் நின்று பார்த்தவர், மேடையில் ஒருவர் அப்படி நிற்பதைச் ‘சும்மா நின்றார்’ என்று எழுதமாட்டார். விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவர் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கட்டும்.

சில நிகழ்ச்சிகளில் நிர்வாணமோ வன்முறையோ இருக்கிறதே?

கூட்டிப் போவதற்கு முன் நீங்கள் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் குழுவிடம் நேரடியாகக் கேளுங்கள். அரங்கின் வயது வரம்பை மீற வேண்டாம். பெற்றோருக்கு என்ன இருக்கிறது என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். நடுவில் எழுந்து வெளியே போக மாணவருக்கு உரிமை உண்டு என்பதையும், அப்படிப் போனால் கட்டுரையில் அதைச் சொல்ல வேண்டும் என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இலவச டிக்கெட், மேடையில் சொந்த அக்கா: இதெல்லாம் பிரச்சினையா?

இலவச டிக்கெட் வாங்குவது வழக்கம்தான். பதிலுக்குப் பாராட்டு தருவதாக யாரும் ஒத்துக்கொள்ளாத வரை சரி. அக்கா ஆடினால் விமர்சனம் வேறொருவர் எழுத வேண்டும். தம்பி ஒத்திகை நாட்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதட்டும், உறவை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு. அது வேறு யாராலும் எழுத முடியாத கட்டுரையாக இருக்கும்.

மாணவர் செயற்கை நுண்ணறிவிடம் கட்டுரையை எழுதி வாங்கினால்?

நாற்காலிப் பயிற்சியைத் தாண்டி வந்த வகுப்பில் இது குறைவு. அந்த அரங்கில், அந்த இரவில், அந்த இருக்கையில் இருந்தது மாணவர் மட்டும்தான். நோட்டில் கோணல்மாணலாக இருக்கும் சொற்களைக் கட்டுரையோடு சேர்த்துத் தரச் சொல்லுங்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

கட்டுரைகளை ஒருவருக்கொருவர் படித்துக் கருத்து சொல்லவைக்கலாமா? மதிப்பெண் எப்படிப் போடுவது?

படிக்கவைக்க வேண்டும். இதற்கும் நடன உலகமே வழி தந்திருக்கிறது. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் உருவாக்கிய முறையில் நான்கு படிகள். படித்தவர்கள் தங்களுக்கு எது பொருள்பட்டது, எது மனதில் நின்றது என்று முதலில் சொல்கிறார்கள். பிறகு எழுதியவர் தன் சந்தேகங்களைக் கேட்கிறார். அதன்பின் படித்தவர்கள் உள்குத்து இல்லாத கேள்விகள் கேட்கிறார்கள். கடைசியில்தான் கருத்து, அதுவும் ‘தொடக்கத்தைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது, சொல்லட்டுமா?’ என்று அனுமதி கேட்டு. மூன்றாம் படிதான் மாணவர்களுக்குத் தடுமாற்றம். ‘ஏன் முடிவு இவ்வளவு மொக்கையாக இருக்கிறது?’ என்பது கேள்வி வேடத்தில் வரும் கருத்து. ‘முடிவில் வாசகர் மனதில் என்ன நிற்க வேண்டும் என்று நினைத்தாய்?’ என்பதுதான் கேள்வி.

மதிப்பெண் கட்டாயம் என்றால் முதல் வரைவுக்கும் கடைசி வரைவுக்கும் நடுவே நடந்த மாற்றத்துக்குப் போடுங்கள். மாணவரின் ரசனைக்குப் போடாதீர்கள்.

எழுதியதை வெளியிடலாமா?

வெளியிடுங்கள். ஆசிரியர் மட்டும் படிக்கும் கட்டுரையில் யாரும் பெயரைச் சரிபார்ப்பதில்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பெயரோ படமோ வெளிவரப் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வாங்குங்கள். முதற்பெயர் மட்டும் போட்டாலும் போதும். பள்ளி, வசிப்பிடம் போன்ற விவரங்கள் வேண்டாம். நிகழ்ச்சிப் படங்களுக்குக் குழுவின் அனுமதியும் படமெடுத்தவரின் பெயரும் வேண்டும்.

கலைஞர் மறுத்து எழுதினால்? தகவல் பிழை என்றால் அன்றே திருத்தி, திருத்தியதைக் கீழே குறிப்பிட வேண்டும். கருத்து வேறுபாடு என்றால் கட்டுரையை மாற்ற வேண்டாம். அவருடைய பதிலை அதன் அருகிலேயே வெளியிடலாம். எது நடந்தாலும் பதில் எழுதும்போது மாணவருடன் நீங்களும் உட்காருங்கள்.

ஒரு முழுப் பயிலரங்குக்கு எத்தனை அமர்வுகள் வேண்டும்?

ஆறு இருந்தால் வசதி: நாற்காலிப் பயிற்சி, காணொளியோடு ஒரு வகுப்பு, நிகழ்ச்சி, எழுதும் நாள், கலைஞருடன் சந்திப்பு, திருத்தும் நாள். 12 மாணவர்களுக்கு மேல் போனால் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து வரி வரியாகப் பேச நேரம் இருக்காது. மூன்று அமர்வுக்குத்தான் வழி என்றால் நாற்காலிப் பயிற்சி, நிகழ்ச்சி, திருத்தும் நாள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.